சீசன் ஊரில் கட்டணமும் பராமரிப்பும்: குற்றாலம் போகிறவர்களுக்கு

விடுமுறைக்கு ஊர் வந்து குடும்பத்தோடு குற்றாலம் போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, எல்லா அருவியும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இல்லை என்பதுதான். பேரருவி குற்றாலம் பேரூராட்சிக்குள் வருகிறது. பழைய குற்றாலம் ஆயிரப்பேரி ஊராட்சி எல்லையில் இருக்கிறது. செண்பகாதேவியும் தேனருவியும் காட்டுக்குள், வனத்துறையின் கட்டுப்பாட்டில். ஒரு இடத்தில் வண்டிக்குக் கொடுத்த சீட்டை இன்னொரு இடத்தில் நீட்டி, "இப்பதானே கட்டினோம்" என்று வாதாடுவதில் பயனில்லை. கேட்பவர் வேறு குத்தகைதாரர், பணம் போய்ச் சேரும் அலுவலகமும் வேறு.

கூட்டம் வருடத்தில் இரண்டு தடவைதான். ஆனி, ஆடியில் சாரல் சீசன்; கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள். அருவி ஊர், கோயில் ஊர், கடற்கரை ஊர் எதுவானாலும் தமிழ்நாட்டில் வழக்கம் இதுதான்: வாகனம் நிறுத்துமிடம், கட்டணக் கழிப்பறை போன்றவற்றின் வசூல் உரிமையை உள்ளாட்சி அமைப்பு ஏலத்திலோ ஒப்பந்தப்புள்ளியிலோ குத்தகைக்கு விடுகிறது. எடுத்தவர் பெருந்தொகையை முன்கூட்டியே கட்டியிருப்பார். மழை பொய்த்தாலும், வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டாலும் அந்தப் பணம் திரும்பாது. பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் அன்றைக்குக் குளியல் கிடையாது, வசூலும் படுத்துவிடும். ஆகவே நல்ல ஞாயிற்றுக்கிழமைகளில் எவ்வளவு கறக்க முடியுமோ அவ்வளவும் கறக்கப் பார்ப்பார்கள். ஒரு குழாய் மாற்றினால்கூட அது அவர் லாபத்தில் குறையும். சீட்டு கிழிக்கிறவரின் பேராசை என்று இதைச் சுருக்கிவிட முடியாது. குத்தகையின் அமைப்பே அப்படித்தான் இருக்கிறது.

பராமரிப்பு எங்கே உடைகிறது என்று பார்க்கத் தண்ணீர்க் கணக்கு ஒன்று போதும். ஆண்களுக்கு எட்டு, பெண்களுக்கு எட்டு என்று பதினாறு அறை உள்ள கட்டணக் கழிப்பறை, குளியலறைக் கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றால் மணிக்கு 192 பேர். ஒருவர் ஒரு வாளி ஊற்றிக் குளித்துக் கழிப்பறையிலும் ஊற்றினால் குறைந்தது 25 லிட்டர். மணிக்கு 4,800 லிட்டர் வேண்டும். மொட்டை மாடியில் இருப்பதோ 5,000 லிட்டர் தொட்டி ஒன்று. மோட்டார் நிமிடத்துக்கு 40 லிட்டர் ஏற்றினால் மணிக்கு 2,400 லிட்டர்தான் சேரும். காலை 8 மணிக்கு நிறைந்திருந்த தொட்டி 10 மணி தாண்டியதும் தரை தட்டிவிடும். கரண்ட் போனால் அதற்கும் முன்னால். பக்கத்தில் அருவி கொட்டிக்கொண்டிருக்க, உள்ளே குழாயில் காற்று வருவது இதனால்தான். இரண்டாவது தொட்டியும் அதற்கேற்ற மோட்டாரும் வைத்தால் இது தீரும். ஆனால் அது ஒரு வருடக் குத்தகைதாரர் செய்யக்கூடிய வேலை இல்லை, கட்டடத்தின் சொந்தக்காரர் செய்ய வேண்டியது.

அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு பயன்படுத்தக் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டிருக்கிறது. மிக நல்ல உத்தரவு. ஆனால் சோப்பு போட விரும்புகிறவர்கள் அத்தனை பேரும் இப்போது கட்டணக் குளியலறைக்குத்தான் வருகிறார்கள். பிய்த்துப் போட்ட ஷாம்பு பாக்கெட் வடிகால் ஜல்லடையில் தட்டையாக ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் முடி, அதன்மேல் மணல். அரை மணியில் கணுக்கால் அளவு தண்ணீர் தேங்கிவிடும். ஒவ்வொரு மணிக்கும் ஒருவர் வந்து கையுறை போட்டு ஜல்லடையைத் தூக்கித் தட்டிவிட்டுப் போனால் போதும். அந்த ஒருவரைத்தான் பெரும்பாலான இடங்களில் போடுவதில்லை. பிளாஸ்டிக் குழாய்கள் மரை தேய்ந்து கையோடு வருவதும், தாழ்ப்பாள் கொண்டி இல்லாமல் பெண்கள் ஒருவருக்கொருவர் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் அற்பச் செலவில் சரியாகக்கூடியவை. காசு வாங்கிக்கொண்டு தாழ்ப்பாள் இல்லாத கதவைக் காட்டுவதை மட்டும் என்னால் ஏற்கவே முடியவில்லை.

நாங்கள் இருக்கும் பிரான்சில் ஊராட்சியே நடத்தும் கூடார முகாம்கள் ஏராளம். அங்கேயும் காசு வாங்குகிறார்கள். இடத்துக்கு, ஆளுக்கு, வண்டிக்கு, மின்சாரத்துக்கு எனத் தனித்தனி விலை. நகர மன்றம் நிறைவேற்றிய அந்த விலைப்பட்டியல் வரவேற்பறையில் தொங்கும். இதற்குமேல் தங்கல் வரி. ஒன்று, இரண்டு நட்சத்திர முகாம்களில் பெரியவருக்கு இரவுக்கு அடிப்படை வரி 20 சென்ட், 18 வயதுக்குட்பட்டோருக்குக் கிடையாது. தொகை சின்னதுதான். ஆனால் அந்த வரியைச் சுற்றுலாவுக்குப் பயன்படும் செலவுக்கே ஒதுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நம் ஊரில் குத்தகைப் பணம் உள்ளாட்சியின் வருவாய் நிதியில் கலந்து, சம்பளம், தெருவிளக்கு என எல்லாவற்றுக்கும் போகிறது. குத்தகைத் தொகையில் ஒரு பங்கை அதே கட்டடத்தின் பராமரிப்புக்கு என்று ஏல நிபந்தனையிலேயே எழுதிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

அதுவரைக்கும் நாம் செய்யக்கூடியவை உண்டு. காசு கொடுக்கும் முன் கட்டணப் பலகையைத் தேடுங்கள். சீட்டில் உள்ளாட்சியின் பெயர், வரிசை எண், அச்சிட்ட தொகை மூன்றும் இருக்க வேண்டும். தொகை பேனாவால் எழுதியிருந்தால் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கழிப்பறை, குளியலறைக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. வாகனக் கட்டணத்தில் ஜிஎஸ்டி சேர்த்தால் சீட்டில் 15 இலக்க எண் இருக்கும். தமிழ்நாட்டில் பதிந்தது என்றால் 33-இல் தொடங்கும். 10, 20 ரூபாய்த் தாள்களைக் கையில் வையுங்கள். 500 ரூபாயை நீட்டினால் "சில்லறை இல்லை" என்று மீதி நின்றுவிடும்.

வெளிநாட்டு பாஸ்போர்ட்டோ ஓசிஐ அட்டையோ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) வைத்திருப்பவர்கள் அறை எடுக்கும்போது, விடுதிக்காரர் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் தங்கும் விவரத்தை (சி படிவம் என்று வழங்கிவந்த பதிவு) ஆன்லைனில் பதிய வேண்டும். சிறிய விடுதிகளில் இந்தப் பதிவு வசதி இல்லாவிட்டால் அறை தரத் தயங்குவார்கள். முன்பதிவுக்கு முன்பே போன் செய்து, "வெளிநாட்டவர் பதிவு போடுவீர்களா" என்று கேட்டுவிடுவது நல்லது.

புகாருக்கு, தமிழ்நாட்டுக்குள் இருக்கும்போதே முதல்வரின் உதவி மைய எண்ணான 1100-ஐ அழையுங்கள். இடம், நேரம், சீட்டு எண் மூன்றையும் சொல்லுங்கள். "கழிப்பறை மோசம்" என்று மட்டும் சொன்னால் விசாரிக்க ஒன்றும் இருக்காது. தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுவது இந்தியக் குடிமக்களுக்கு மட்டுமே உள்ள உரிமை. ஓசிஐ அட்டைக்காரர்கள் ஊரில் உள்ள உறவினரைப் போடச் சொல்லலாம். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, இந்த ஆண்டின் குத்தகைத் தொகை எவ்வளவு, அனுமதித்த கட்டணம் எவ்வளவு, ஏல நிபந்தனையின் நகல், கடந்த ஆண்டு அந்தக் கட்டடத்தின் பழுதுக்குச் செலவழித்த தொகை எவ்வளவு என்று கேட்க வேண்டும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.