கரண்ட் போனாலும் ஓடும் ஏர் பம்ப்

சென்னை கொளத்தூர் வண்ண மீன் கடைகளைச் சுற்றி வந்தபோது மீன் தொட்டிக்காக வாங்கிய சார்ஜ் பம்ப் இது. எப்போதும் பிளக்கிலேயே கிடக்கும். கரண்ட் போனதும் தானாக ஓட ஆரம்பித்துவிடும். நடுராத்திரியில் எழுந்து ஓட வேண்டியதில்லை, அதற்கே கொடுத்த காசு சரி.

கோல்ட்ஃபிஷ் வைத்திருப்பவர்கள் அவசியம் வாங்கலாம். சித்திரை வெயிலில் தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம். பம்ப் விடும் குமிழ்கள் மேல்பரப்பைக் கலக்கிக்கொண்டே இருப்பதால்தான் காற்று நீரில் சேர்கிறது.

சத்தம்தான் தொல்லை. மேசையில் வைத்தால் கொர்ரென்று அதிர்கிறது. பழைய துண்டை மடித்து அடியில் வைத்ததும் அடங்கியது. பெட்டியில் ஒருவழி வால்வு தரவில்லை, கஞ்சத்தனம்! தனியாக வாங்கி ட்யூபில் மாட்டிவிடுங்கள். அந்த வால்வு இல்லாமல் பம்ப் தொட்டிக்குக் கீழே இருந்தால், பம்ப் நின்றதும் தண்ணீர் ட்யூப் வழியே இறங்கி வந்துவிடும்.

அப்புறம், ஃபில்டர் வேலையை இது செய்யாது. ஃபில்டர் நின்றிருப்பதால் கரண்ட் வரும்வரை தீனி போடாதீர்கள். வெகுநேரம் நின்றுபோன கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய டப்பா ஃபில்டர்) என்றால், உள்ளே தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டு ஓடவிடுங்கள்.