தோல் உரிகிறது, உள்ளே கிருமியும் இருக்கிறது: எந்த மருந்து?

காசநோய்க்கோ நிமோனியாவுக்கோ சிகிச்சை நடக்கும்போது ஸ்டீவன்ஸ்-ஜான்சன் அல்லது அதன் தீவிர வடிவமான டென் (மருந்து ஒவ்வாமையால் தோல் உரியும் நோய்கள்) வந்தால் சிக்கல் இரட்டிப்பாகும். தோலை உரிப்பவை உடலின் சொந்த டி-செல்கள், அதாவது கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள். அவற்றை அடக்கினால் கிருமிக்குக் கொண்டாட்டம். எந்த வழியில் போனாலும் சந்தேக மருந்தை அன்றே நிறுத்தி, வேறு குடும்பத்து ஆன்டிபயாட்டிக்குக்கு மாற வேண்டும். கோட்ரைமாக்சசோல் காரணமென்றால் சில்வர் சல்ஃபாடயசின் களிம்பும் கூடாது; இரண்டும் சல்ஃபா மருந்துகள். தீக்காயப் பழக்கத்தில் கை அதைத்தான் தேடும்.

ஸ்டீராய்டு எங்கும் கிடைக்கும். டெக்சாமெத்தசோன் கிலோவுக்கு 1.5 மி.கி. வீதம் 3 நாள் கொடுத்து நிறுத்துவது ஒரு முறை. தொடக்கத்திலேயே கொடுத்தால்தான் பொருள் உண்டு. வாரக்கணக்கில் இழுத்தால் சர்க்கரை ஏறும், புண் ஆறாது, செப்சிஸின் (கிருமித் தொற்று உடலெங்கும் பரவி உறுப்புகளைத் தாக்குவது) காய்ச்சலும் மறைந்துவிடும். (டிரெஸ் என்ற மருந்து ஒவ்வாமை, உள்ளுறுப்புகளையும் தாக்குவது, வேறு கதை: அங்கே ஸ்டீராய்டுதான் முதல் மருந்து, வாரக்கணக்கில் மெல்லக் குறைக்க வேண்டும்.)

டி-செல்களை அடக்கும் சைக்ளோஸ்போரின் நாளுக்குக் கிலோவுக்கு 3 முதல் 5 மி.கி., இரு வேளையாகப் பிரித்து, சுமார் 10 நாள். சிறுநீரகம் நன்றாக இருந்தால் எங்கள் முதல் தேர்வு இதுவே. ஆனால் கிருமி மருந்துகளோடு மோதும். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் இதன் ரத்த அளவைக் கீழே இழுத்துவிடும்; கிளாரித்ரோமைசினும் அசோல் வகைப் பூஞ்சை மருந்துகளும் ஏற்றிவிடும். ஆம்போடெரிசினோ ஜென்டாமைசினோ கூடவே ஓடினால் சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் கிரியாட்டினின் வேகமாக ஏறும். வாய்ப்புண்ணால் விழுங்க முடியாதவருக்கு நரம்பு வழி கொடுக்கும்போது வாய்வழி அளவில் மூன்றில் ஒரு பங்கு போதும். இதை மறந்தால் மூன்று மடங்கு போய்விடும்.

எட்டனர்செப்ட் 50 மி.கி., தோலடியில் ஒரே ஊசி. சிறுநீரகத்தைத் தொடாது. 2018-இல் வெளியான தைவான் ஆய்வில் வாரம் இருமுறை எட்டனர்செப்ட் பெற்றவர்களுக்குத் தோல் ஆற இடைநிலையாக 14 நாள். ஸ்டீராய்டு பெற்றவர்களுக்கு 19. ஆனால் இது தடுப்பது டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தை; காசநோய்க் கட்டிகளைப் பூட்டி வைத்திருப்பதே அதுதான். மார்பு எக்ஸ்ரே, ஹெபடைட்டிஸ் பி சோதனை பார்க்காமல் போடக் கூடாது. போட்ட ஊசியைத் திரும்ப எடுக்கவும் முடியாது. அரை ஆயுள் 3 முதல் 5 நாள்.

இம்யூனோகுளோபுலின் (தானம் பெற்ற ரத்தத்திலிருந்து எடுக்கும் எதிர்ப்புப் புரதம்) எதிர்ப்பாற்றலைக் குறைக்காது என்பதால் ஆசை காட்டும். மொத்தம் கிலோவுக்கு 2 கிராம் என்றால் 60 கிலோ ஆளுக்கு 120 கிராம், அதாவது 10 சதவீதக் கரைசலில் 1.2 லிட்டர். இதயமும் சிறுநீரகமும் தாங்குமா என்று பாருங்கள். தனியாகக் கொடுத்துப் பெரிய பலன் உறுதிப்படவில்லை.

செப்டிக் ஷாக்கில் (செப்சிஸால் ரத்த அழுத்தம் சரிந்த நிலை) இருப்பவருக்கு இவை எதுவும் இல்லாமல் ஆதரவு சிகிச்சை மட்டும் தருவதும் முறையான தேர்வே: அறை வெப்பம் 25–28 டிகிரி, தீக்காயக் கணக்கைவிடக் குறைந்த திரவம், தினமும் கண் மருத்துவர். டென்னிலேயே காய்ச்சலும் சிஆர்பி என்ற அழற்சி அளவும் ஏறும் என்பதால் அவற்றை மட்டும் நம்ப வேண்டாம். உடல் திடீரென்று குளிர்வது, சிறுநீர் மணிக்குக் கிலோவுக்கு 0.5 மி.லி.க்குக் கீழே இறங்குவது, குழப்பம் ஆகியவைதான் செப்சிஸின் மணி. முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக் ஊற்றினால் எதிர்ப்புக் கிருமிதான் வளரும்.

காசநோய் மருந்துகளைத் தோல் மூடிய பிறகு ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டுத் தொடங்குவார்கள். குற்றவாளி என்று உறுதியான மருந்து மட்டும் வாழ்நாளில் திரும்பக் கூடாது; அதன் பெயர் நோயாளியின் கையில் அட்டையாக இருக்கட்டும்.