சிண்டரெல்லா 1, 2, 3: வருடக்கணக்காகப் போட்டுப் பார்த்தபின்

கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறவர்களின் பெட்டியில் சொக்லேற்றோடு சேர்ந்து வரும் டிவிடிகளில் இந்த மூன்றும் அடிக்கடி இருக்கும். 1950இல் வந்த டிஸ்னியின் ‘சிண்டரெல்லா’, 2002இன் இரண்டாம் பாகம், 2007இன் மூன்றாம் பாகம். அட்டைகளைப் பார்த்தால் மூன்றும் ஒரே பொருள் போலத்தான் இருக்கும். வித்தியாசம் இருபதாம் தடவை போடும்போது தெரியும். முதற்படம் அப்போதும் பிள்ளைகளைக் கட்டிவைக்கும். இரண்டாம் பாகம் மூன்றாவது தடவையிலேயே கைவிடப்படும். மூன்றாம் பாகத்தில் பாதி தேறும்.

காரணம் கதையைவிடச் சொல்லும் முறையில்தான் அதிகம் இருக்கிறது. இங்கே படத்தை ஆங்கிலத்திலேயே பார்க்கிறோம். நாலு வயதுப் பிள்ளைக்கு ஆங்கிலம் பிடிபடாது. முதற்படத்துக்கு அது தேவையும் இல்லை. மாற்றாந்தாய் சிண்டரெல்லாவை மேல்மாடி அறையில் பூட்டிச் சாவியைச் சட்டைப் பைக்குள் போடுகிறாள். ஜாக், கஸ் என்ற இரண்டு எலிகள் அந்தச் சாவியைத் தங்கள் உயரத்துக்கும் மேற்பட்ட படிகளில் ஒவ்வொன்றாக இழுத்து ஏற்றுகின்றன. கடைசியில் லூசிஃபர் பூனை வந்து கோப்பையைக் கவிழ்த்து கஸ்ஸை அடைத்துவிடும். அந்தக் காட்சியில் ஒரு வசனமும் விளங்காத பிள்ளை வீடே அதிரக் கத்தும். பூனையையும் எலிகளையும் வரைந்த வார்ட் கிம்பல் உடம்பாலேயே பேசவைக்கத் தெரிந்தவர். மனிதர் வரும் காட்சிகளை முதலில் நடிகர்களைக்கொண்டு படம்பிடித்து, அதைப் பார்த்து வரைந்தார்கள். அதனால்தான் மாற்றாந்தாய் கதிரையில் சும்மா இருக்கும்போதுகூடப் பயம் வருகிறது. தரை கழுவும் பாடலில் சவர்க்காரக் குமிழிகளுக்குள் சிண்டரெல்லாவின் உருவங்கள் தெரிய, ஐலீன் வூட்ஸ் என்ற ஒரே பாடகியின் குரலை அடுக்கடுக்காகப் பதிந்து சேர்த்திருக்கிறார்கள். 1950 படத்தில் செய்த வேலை அது. இன்றைக்கும் காதுக்கு வடிவு.

இரண்டாம் பாகத்தில் கலியாணத்துக்குப் பிறகு எலிகள் ஒரு கதைப்புத்தகம் செய்கின்றன. அதற்குள் மூன்று சிறுகதைகள்: சிண்டரெல்லா அரண்மனை ஒழுங்குகளோடு மல்லுக்கட்டுவது, ஜாக் மனிதனாவது, மாற்றாந்தாயின் மகள் அனஸ்தாசியா பேக்கரிக்காரனை விரும்புவது. மூன்றிலும் பிரச்சினையும் பேச்சால் வருகிறது, தீர்வும் பேச்சால் வருகிறது. வாய் அசையும், உடம்பு நிற்கும். ஆங்கிலம் தெரியாத பிள்ளை பத்து நிமிடத்தில் எழும்பிப் போய்விடும்; தெரிந்த பிள்ளைக்கோ புத்திமதி கேட்ட மாதிரி இருக்கும். ஒரு நன்மை சொல்லலாம்: துண்டு துண்டாக இருப்பதால் படுக்கைக்கு முன் ஒரு கதையை மட்டும் போட்டு நிற்பாட்டலாம். போடுவதென்றால் மூன்றாவது கதையைப் போடுங்கள். 1697இல் ஷார்ல் பெரோ எழுதிய கதையின் முடிவில் சிண்டரெல்லா சகோதரிகளை மன்னித்து, அரண்மனைக்குக் கூட்டிவந்து, இரண்டு பிரபுக்களுக்குக் கட்டிக்கொடுக்கிறாள். 1950 படம் அதை விட்டுவிட்டது. அனஸ்தாசியாவின் கதை, தெரிந்தோ தெரியாமலோ, அந்த இடத்தைத்தான் நிரப்புகிறது.

இந்தத் தொடர்ச்சிகள் ஏன் எடுக்கப்பட்டன என்பதில் மர்மம் எதுவும் இல்லை. 1994இல் அலாவுதீன் படத்தின் இரண்டாம் பாகத்தைத் திரையரங்குக்கே விடாமல் நேரே வீடியோவாக விற்றார்கள். செலவு குறைவு, விற்பனை பெரிது. பிறகு சிங்கராஜா (லயன் கிங்), கடற்கன்னி (லிட்டில் மெர்மெய்ட்) என்று வரிசையாக வந்தன. கடற்கன்னியின் 2000ஆம் ஆண்டுத் தொடர்ச்சி, தாயின் கதையைத் தலைகீழாக்கி மகளுக்குக் கொடுத்தது. கெட்ட சூனியக்காரிக்குத் தங்கச்சி ஒருத்தியை உண்டாக்கி, முதல் சூனியக்காரிக்குக் குரல் கொடுத்த அதே பேட் கரோலையே குரல் கொடுக்கவும் வைத்தார்கள். 2006இல் டிஸ்னி, கணினி அசைவுப்படங்கள் எடுக்கும் பிக்ஸார் நிறுவனத்தை வாங்கியது. அங்கிருந்து வந்த ஜோன் லாசெட்டரின் பொறுப்பில் 2007இல் இந்தத் தொடர்ச்சிகளை நிறுத்தினார்கள்.

மூன்றாம் பாகத்தில் குறையும் நிறையும் ஒரே இடத்தில் இருக்கின்றன. மந்திரக்கோல் மாற்றாந்தாயின் கையில் அகப்பட, அவள் காலத்தையே பின்னுக்குத் திருப்பி, கண்ணாடிச் செருப்பை அனஸ்தாசியாவுக்கு அளவாக்கிவிடுகிறாள். முதற்படத்தின் உயிர்நாடி அந்தச் செருப்பு. ஒன்று உடைகிறது, மற்றது சிண்டரெல்லாவின் பையில் இருக்கிறது. சாட்சி கையில் இருப்பவளை ஒருவராலும் மறுக்க முடியாது. மந்திரத்தால் யாருடைய காலுக்கும் அதைப் பொருத்தலாமென்றால், முதற்படத்தின் முடிவும் பின்னோக்கி ஆட்டம் காண்கிறது. கதை சொல்லிக் கொடுத்து வளர்த்த பிள்ளைகள் இதை உடனே பிடிப்பார்கள்: “அப்ப ஏன் முந்தி ஒருத்தருக்கும் செருப்பு அளவா இருக்கேல்லை?” சரியான கேள்வி. படத்திடம் பதில் இல்லை. ஆனாலும் செருப்பு பொய்த்த பிறகு கை தொடுவதை அடையாளமாக்கியதும், முதற்படத்தில் முகமே பதியாத இளவரசன் யன்னலால் பாய்வதும் உண்மையாகவே நன்றாக இருக்கின்றன.

இனி டிவிடி விஷயம். லண்டன் டிவிடி பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறை, கனடா டிவிடி என்டிஎஸ்சி (NTSC) என்ற முறை. செக்கனுக்கு 24 சட்டகங்களாக எடுத்த படத்தைப் பால் முறையில் 25 ஆக ஓட்டுவதால் வேகம் 4 சதவீதம் கூடும். ஏறத்தாழ 74 நிமிடப் படம் 71இல் முடிந்துவிடும். சுருதியைத் திருத்தாமல் பதித்திருந்தால் பாட்டும் அரைச் சுரத்துக்குச் சற்றுக் குறைவாக உயரும். இரண்டும் கிடைத்தால் பாட்டுக்காகக் கனடா டிவிடியை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எந்த நாடுகளில் ஓடும் என்று டிவிடிக்கு வலயப் பூட்டு உண்டு: அது வலயம் 1, இலங்கை வலயம் 5. எல்லா வலயமும் வாசிக்கும் பிளேயரில் சிக்கல் இல்லை. கணினியில் வலயத்தை மாற்றுவதென்றால் கவனம்: ட்ரைவ் ஐந்து தடவைக்குமேல் விடாது, கடைசியாக வைத்ததிலேயே பூட்டிக்கொள்ளும்.

1950 படம் ஏறக்குறைய 4க்கு 3 என்ற சதுர வாட்டமான சட்டகம். அகலத் திரை ரீவியில் ‘முழுத்திரை’ என்று வைத்தால் சிண்டரெல்லா பருத்துத் தெரிவாள், நடனக் காட்சியின் நளினம் போய்விடும். படஅளவை 4:3 ஆக்கி, இருபுறமும் கறுப்பாக விடுங்கள். கீறல் விழுந்த தட்டை நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்கவேண்டும். வட்டமாகத் துடைத்தால் ஒரே தடத்தில் நீளமாகக் கீறி, படம் அந்த இடத்திலேயே உறையும்.

பிள்ளைகளுக்குப் போடுமுன் தமிழில் மூன்று விஷயம் மட்டும் சொன்னால் போதும்: பன்னிரண்டு மணிக்கு எல்லாம் பழையபடி மாறும், செருப்பு இரண்டு, சாவி மாற்றாந்தாயிடம். மிச்சத்தைப் படம் பார்த்துக்கொள்ளும். மூன்றாம் பாகத்துக்கு இது போதாது. மந்திரக்கோல் கைமாறும் இடத்தில் நிற்பாட்டி, காலம் பின்னுக்குப் போகிறதென்று விளக்கவேண்டும். இல்லாவிட்டால் “அவ ஏன் திரும்பவும் வீட்டு வேலை செய்யிறா?” என்ற கேள்வி கடைசிவரை ஓயாது. பொறுமை இல்லாத பிள்ளையென்றால் நேரே கலியாணக் காட்சிக்குப் போங்கள். சிண்டரெல்லாவின் உருவத்தில் நிற்கும் அனஸ்தாசியா, சம்மதம் கேட்டதும் மாட்டேன் என்கிறாள். இரண்டு தொடர்ச்சிகளிலும் முதற்படத்தின் பக்கத்தில் வைக்கக்கூடிய இடம் அது ஒன்றுதான்.