காம்பஸ் முள்ளு தலைகீழா காட்டுதா? பார் மேக்னெட், காயில், நியோடிமியம் மூணுல எது

போன மாசம் வால்பாறை பக்கம் நடக்கப் போனப்ப காம்பஸ எடுத்துப் பாக்குறேன், சிவப்பு முனையப் பாத்து நின்னா சாயங்கால சூரியன் வலது கைப்பக்கம் இருக்கு. வடக்கப் பாத்து நின்னா மேற்கு இடது பக்கம்தானே வரணும், அப்பதான் புரிஞ்சுது முள்ளோட துருவமே மாறிப்போச்சுன்னு. காந்தப் பட்டன் வச்ச போன் கவரும் இதுவும் ரெண்டு வாரமா ஒரே பையில கிடந்துச்சு, அதான் காரணம்.

புதுசு வாங்கலாம்தான், ஆனா பத்து வருஷம் கூட வந்தத தூக்கிப்போட மனசு வரல, அதனால முள்ளோட துருவத்தத் திரும்ப மாத்திப் பாக்கலாம்னு இறங்கினேன்.

ஸ்கூல் லேப்ல இருக்குமே பார் மேக்னெட், அத வச்சுத் தேய்க்கிறது வெளிய எடுக்க முடியிற முள்ளுக்கு நல்லாவே வேலை செய்யும். முள்ளச் சுத்தி ஒயரக் காயிலா சுத்தி பைக் பேட்டரில ஒரு நொடி கரன்ட் விடுறதும் உண்டு, நான் ஒரே தடவை ஒரு பழைய முள்ளுல பண்ணிப் பாத்திருக்கேன், ஒயர் கையச் சுட்டுருச்சு, அதுக்கு மேல அதப்பத்தி அடிச்சுப் பேச மாட்டேன்.

எனக்கு முடிவு பண்ணது ஒரே விஷயம், மூடியத் திறக்கவே கூடாது. மலை ஏற எடுத்துட்டுப் போற காம்பஸ்ல முள்ளு எண்ணெய் மாதிரி ஒரு திரவத்துக்குள்ள மிதக்குது, அதுதான் ஆட்டத்த அடக்கி முள்ள சீக்கிரம் நிறுத்துது. திறந்தா அது ஒழுகும், காத்துக் குமிழ் உள்ள போகும், பெரிய குமிழா இருந்தா முள்ளு அதுல இடிச்சு எங்கயாவது நின்னுடும், வீட்ல திரும்ப அடைக்கிறதெல்லாம் நடக்காத காரியம். அப்ப வெளியில இருந்தே பிளாஸ்டிக்கத் தாண்டி வேலை செய்யிற பலம் வேணும். என்கிட்ட இருந்த பார் மேக்னெட்ட மேல வச்சா முள்ளு கூடவே சுத்துச்சு, வேற ஒண்ணும் ஆகல. அதனால நியோடிமியம்தான், சின்னதா இருந்தாலும் ரொம்ப பலமான காந்தம் அது. எலக்ட்ரானிக்ஸ் கடைல வட்ட வில்லை மாதிரி கிடைக்கும். பழைய ஹார்ட் டிஸ்க்ல இருந்து கழட்டினது வேண்டாம், அதுல ஒரே முகத்துலயே ரெண்டு துருவமும் இருக்கும்.

மொதல்ல வில்லைய செங்குத்தா நிக்கிற மாதிரி நூல்ல கட்டித் தொங்கவிடுங்க. வடக்கப் பாக்குற முகம் வட துருவம், அதுக்கு எதிர் முகம்தான் நமக்கு வேணும். வடக்கு எதுன்னு சூரியன் உதிக்கிற பக்கத்த வச்சுப் பாருங்க, கெட்டுப்போன காம்பஸ நம்பாதீங்க. அப்புறம் காம்பஸ நல்லா சாய்ச்சா முள்ளு மூடியில உரசி அசையாம நிக்கும், அந்த நேரத்துல முள்ளோட நடுவுல இருந்து சிவப்பு முனை வரைக்கும் சட்டுன்னு ஒரே இழுப்பு, காந்தத்த ஒரு முழம் மேல தூக்கிட்டு மறுபடி நடுவுல இருந்து. எனக்கு மொத தடவ முள்ளு புரண்டுடுச்சு, அஞ்சாவது இழுப்புல பிடிச்சுது.

மூணு வாரம் ஆச்சு. தினமும் ஒரு ஆணியக் காட்டி முள்ளத் திருப்பிவிட்டு, ஆணிய எடுத்துட்டுப் பாக்குறேன், அதே கோட்டுக்கே திரும்பி வந்து நிக்குது. இப்ப போன் ஒரு பையில, காம்பஸ் வேற பையில.