நுண்ணோக்கிப் பனோரமா: முதலில் ஸ்டேக்கா, ஸ்டிச்சா?

ஒரு பூச்சியின் இறக்கை முழுவதையும் 10 மடங்கு அப்ஜெக்டிவில் (நுண்ணோக்கியில் பொருளைப் பார்த்தபடி இருக்கும் லென்ஸ்) எடுக்கப் போனால் அது ஒரே படத்தில் அடங்காது, கட்டம் கட்டமாகத்தான் எடுக்க வேண்டும். 0.25 என்.ஏ. (லென்ஸ் எவ்வளவு அகலக் கோணத்தில் ஒளியை வாங்குகிறது என்பதன் அளவு) உள்ள லென்ஸில் தெளிவாகத் தெரியும் ஆழம் சுமார் 9 மைக்ரான்தான் என்பதால், ஒவ்வொரு கட்டத்திலும் ஃபோகஸை நகர்த்திப் பல படங்கள் எடுக்க வேண்டும். அப்புறம் எதை முதலில் சேர்ப்பது: ஒரு கட்டத்தின் பல ஆழப் படங்களை ஒரே தெளிவான படமாக்குவதா (ஸ்டேக்), பக்கத்துக் கட்டங்களை ஒட்டுவதா (ஸ்டிச்)?

நான் ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாக ஸ்டேக் செய்து, பிறகு ஸ்டிச் செய்கிறேன். காரணம் ஓவர்லேப், அதாவது பக்கத்துப் படங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதி. ஸ்டிச் செய்யும் மென்பொருள் ஹியூகின் ஆகட்டும், ஃபிஜி ஆகட்டும், பக்கத்துப் படங்கள் இரண்டிலும் பொதுவாக இருக்கும் நுணுக்கங்களை வைத்துத்தான் பொருத்துகின்றன. ஸ்டேக் ஆன படத்தில் ஓரம் வரை நரம்பும் மயிரும் தெளிவாக இருக்கும். ஒரே ஆழத்துப் படங்களை முதலில் ஒட்டப் போனால் பாதி ஓவர்லேப் வெறும் மங்கலாக இருக்கும், பிடித்துக்கொள்ள ஒன்றுமே இருக்காது. அதோடு, கையால் ஃபோகஸ் திருப்புபவருக்கு ஒவ்வொரு கட்டமும் வேறு ஆழத்தில் தொடங்கும், ஆக 'ஒரே ஆழம்' என்பதே கிடைக்காது. ஒரு கட்டம் கெட்டால் அதை மட்டும் மறுபடி எடுத்தால் போதும் என்பதும் பெரிய நிம்மதி.

இதிலும் சிக்கல் உண்டு. ஸ்டேக்கிங் மென்பொருள் ஒவ்வொரு கட்டத்தின் அளவையும் வெளிச்சத்தையும் தன் போக்கில் திருத்தினால், ஒட்டிய இடத்தில் கோடு விழும். நான் சொல்லும் ஸ்டேக்கிங் மென்பொருளான ஜெரீன் ஸ்டேக்கரில் அளவு, சுழற்சி, வெளிச்சம் மூன்றின் திருத்தத்தையும் அணைத்துவிட்டு, இடமாற்றத்தை மட்டும் விடுங்கள். கேமராவில் எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் இரண்டும் மேனுவலில் இருக்கட்டும். ஜெரீனில் உள்ள பிமேக்ஸ் என்ற ஸ்டேக்கிங் முறை குறுக்கே ஓடும் மயிர்களை நன்றாகப் பிரிக்கும், ஆனால் நிறத்தையும் கான்ட்ராஸ்ட்டையும் சற்று மாற்றும். தட்டையான இறக்கைக்கு அதன் இன்னொரு முறையான டிமேப் போதும். ஸ்டேக் செய்த படத்தின் விளிம்பில் கீற்றுகள் வரும், அதை வெட்டியெறிய வேண்டும், அதனால் ஓவர்லேப் 30 சதவீதத்துக்குக் குறையாமல் எடுக்கிறேன்.

ஸ்டிச் முதலில் என்ற வழிக்கும் நியாயம் இருக்கிறது: ஸ்டேக்கிங் முழுப் படத்தையும் ஒன்றாகப் பார்ப்பதால் கட்டத்துக்குக் கட்டம் சாயல் மாறாது. மாதிரியை மோட்டாரால் நகர்த்தும் மேடை இருந்து, ஒவ்வொரு கட்டத்தின் இடமும் ஆழமும் துல்லியமாகத் தெரிந்தால், ஒரு ஆழத்தில் கண்ட பொருத்தத்தையே மற்ற எல்லாவற்றுக்கும் போடலாம். மோட்டார் மேடையில் எனக்குப் பழக்கம் குறைவு, அது இருப்பவர்களுக்கு இந்த வழி சரியாக வரலாம். அவ்வளவு பெரிய படங்களை அடுக்க நினைவகம் நிறைய வேண்டும் என்பதை மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.