போர்டில் இருக்கும் விலையா, வரி கழித்த விலையா? ட்ரக் ஓட்டும் நம் பிள்ளைகளுக்கு டீசல் கணக்கு

நுவரெலியாவில் கரட்டும் லீக்ஸும் ஏற்றி, கினிகத்தேனை, கித்துல்கலை, அவிசாவளை வழியாகப் பேலியகொடை சந்தைக்கு இறங்கும் லொறி மூன்று மாகாணங்களைக் கடக்கிறது. டீசல் வரி மட்டும் எங்கேயும் மாறுவதில்லை. 2024 ஜனவரியில் 18 சதவீத வற் வரி டீசலுக்கு வந்தபோது ஹட்டனுக்கும் கொழும்புக்கும் ஒன்றாகத்தான் வந்தது. ஆகவே நம் டிரைவர்மார் யோசிப்பதெல்லாம் மாத முடிவில் விலை ஏறுமா இறங்குமா, ஏற்றம் தொடங்குமுன் டாங்கியில் எவ்வளவு கிடக்கிறது, எந்த பெற்றோல் செட்டில் எண்ணெய் சுத்தம் என்பவைதான்.

இங்கிருந்து கனடா போய், எல்லை தாண்டி அமெரிக்காவுக்குள் ட்ரக் ஓட்டும் பிள்ளைகளும் இதே பழக்கத்தோடுதான் போகிறார்கள். அங்கே கணக்கு வேறு. அமெரிக்க மத்திய அரசின் டீசல் வரி கலனுக்கு 24.4 சென்ட், அது எல்லா மாநிலத்துக்கும் ஒன்று. அதற்கு மேல் மாநிலங்கள் தங்கள் இஷ்டத்துக்கு வரி போடுகின்றன. டெக்சாஸில் 20 சென்ட், ஒஹாயோவில் 47 சென்ட், பென்சில்வேனியாவில் 2024 கணக்குப்படி 74.1 சென்ட். இதைப் பார்த்தவுடன் யாருக்கும் வரும் எண்ணம், வரி குறைந்த இடத்தில் டாங்கியை நிரப்பிக்கொண்டு வரி கூடிய மாநிலத்தை ஓட்டியே தாண்டிவிடலாம் என்பதுதான். சாதாரணக் கார் என்றால் அது சரி. பெரிய ட்ரக்குக்கு அது பலிக்காது.

காரணம் இஃப்டா எனப்படும் சர்வதேச எரிபொருள் வரி உடன்படிக்கை. அமெரிக்காவின் 48 மாநிலங்களும் கனடாவின் 10 மாகாணங்களும் இதில் இருக்கின்றன. மாநில எல்லை தாண்டி ஓடுகிற, 26,000 இறாத்தலுக்கு மேற்பட்ட எடையுள்ள அல்லது மூன்றோ அதற்கு மேலோ அச்சு கொண்ட வாகனங்கள் இதற்குள் வரும். எங்கே டீசல் அடித்தாய் என்பதை வைத்து வரி முடிவாவதில்லை. எந்த மாநிலத்தில் எத்தனை மைல் ஓடினாய் என்பதை வைத்தே முடிவாகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை கணக்குக் கொடுக்க வேண்டும். பம்பில் கூடுதலாகக் கட்டிய வரி திரும்பி வரும், குறைவாகக் கட்டியிருந்தால் மிச்சத்தைக் கட்ட வேண்டும்.

போர்டு விலை பார்த்து அடிப்பது, வரி கழித்த விலை பார்த்து அடிப்பது என்ற இரண்டு வழியையும் ஒரே ஓட்டத்தில் வைத்துப் பார்ப்போம். ஒஹாயோவில் 240 மைல், பென்சில்வேனியாவில் 360 மைல். கலனுக்கு 6 மைல் என்றால் 100 கலன் எரியும். ஒஹாயோ பம்பில் 3.70 டொலர், பென்சில்வேனியா பம்பில் 3.90 டொலர் என்று வைத்துக்கொள்வோம்.

போர்டைப் பார்த்து 100 கலனையும் ஒஹாயோவில் அடித்தால் கையிலிருந்து போவது 370 டொலர். கணக்குக் கொடுக்கும்போது, பென்சில்வேனியாவில் எரித்த 60 கலனுக்கு அங்கே 44.46 டொலர் கட்ட வேண்டும்; ஒஹாயோவில் கூடுதலாகக் கட்டிய 28.20 டொலர் கழியும். மிச்சம் 16.26 டொலர் கைவிட்டுப் போகும். மொத்தச் செலவு 386.26. பென்சில்வேனியாவில் அடித்தால் முதலில் போவது 390 டொலர்தான், ஆனால் கணக்கு முடிவில் 10.84 டொலர் திரும்பி வரும். மொத்தம் 379.16. போர்டில் விலை கூடிய இடம்தான் உண்மையில் 7.10 டொலர் மலிவு.

இவ்வளவு நீளமாகக் கணக்குப் போடத் தேவையில்லை. பம்ப் விலையிலிருந்து அந்த மாநிலத்தின் வரியைக் கழித்தால் போதும். ஒஹாயோ 3.23, பென்சில்வேனியா 3.159. எது குறைவோ அங்கே அடிக்கலாம். சொந்த ட்ரக் வைத்திருப்பவருக்கு நான் துணிந்து சொல்வது இந்த வழியைத்தான்.

அதற்காகப் பாதையை விட்டு விலகி அலையவும் கூடாது. மேலே சொன்ன 7 டொலருக்காக 15 மைல் சுற்றினால் இரண்டரைக் கலன் போய்விடும், மிச்சம் பிடித்தது முழுதும் கரைந்து கையிலிருந்தும் போகும். ஏற்கெனவே போகிற வழியில், நிற்கத்தான் வேண்டிய இடங்களுக்குள் தெரிவு செய்வதற்கே இந்தக் கணக்கு.

ஒரேகன் தனி ரகம். அங்கே எடை கூடிய ட்ரக்குகளுக்கு டீசல் வரி இல்லை. எடைக்கும் மைலுக்கும் சேர்த்துத் தனி வரி உண்டு. ஆகவே அந்த ட்ரக்கிடம் வரி வாங்காத பம்பில், கழிப்பதற்கு எதுவும் இல்லை. கென்டக்கி, வேர்ஜீனியா போன்ற இடங்களில் பம்பில் காட்டாத ஒரு மேல்வரியும் இஃப்டா கணக்கில் வரும். அதை எங்கே டீசல் அடித்தாலும் தவிர்க்க முடியாது.

இவ்வளவும் ரசீதில்தான் நிற்கிறது. திகதி, விற்றவர் பெயரும் விலாசமும், எத்தனை கலன், என்ன எரிபொருள், விலை, ட்ரக் இலக்கம், வாங்கியவர் பெயர் எல்லாம் அதில் இருக்க வேண்டும். நான்கு வருடம் பத்திரமாக வைக்க வேண்டும். ரசீது இல்லாவிட்டால் கட்டிய வரி கட்டாத கணக்குத்தான். வெயில்படும் டாஷ்போர்டில் போட்டு வைத்த ரசீது எழுத்து மங்கிவிடும். வாங்கிய கையோடு போனில் படம் எடுத்துவிடுங்கள்.

கம்பனி ட்ரக் ஓட்டும் தம்பிமாருக்கு இதில் பெரிய வேலை இல்லை, கம்பனியே கணக்குக் கொடுக்கும். சொன்ன இடத்தில் அடித்தால் சரி. லீஸுக்கு ட்ரக் எடுத்து, டீசலைத் தன் காசில் அடிக்கிறவரை நினைத்தால்தான் எனக்குக் கவலை. அவர் பென்சில்வேனியாவில் கூடுதலாகக் கட்டிய வரி திரும்பும்போது கம்பனியின் இஃப்டா கணக்குக்குத்தான் போகும். அது வாராந்தச் சம்பளக் கணக்கில் அவர் பேருக்கு வரவு வைக்கப்படுமா, அல்லது மைலுக்கு இத்தனை சென்ட் என்று எரிபொருள் வரி மட்டும் பிடிக்கப்படுமா என்று கையெழுத்துப் போடுமுன் கேட்க வேண்டும், பதிலை ஒப்பந்தத்தில் எழுதியும் வாங்க வேண்டும். வரவு வைக்காத கம்பனி என்றால் அந்த டிரைவருக்கு வரி கழித்த விலையால் பலன் இல்லை. அவர் போர்டில் குறைந்த விலையைப் பார்த்து அடிப்பதே சரி.