ரோஸ் நிறக் கிருமிநீக்கித் தூள்: வலைக்குச் சரி, மீனுக்கு அல்ல

அலங்கார மீன் கடையில் போய் "வைரஸுக்கு ஏதாவது இருக்கா?" என்று கேட்டால் மூன்றில் ஒன்று கைக்கு வரும்: நீலப் போத்தல், மஞ்சள் தூள், ரோஸ் நிறத் தூள். நீலம் மெத்திலீன் புளூ. முட்டையில் பூஞ்சணம் பிடித்தால் உதவும், வைரஸுக்கு உதவாது. மஞ்சள் ஒக்சிடெட்ராசைக்ளின். அது பக்டீரியாவோடு மட்டும்தான் சண்டை போடும். மீனின் உடலுக்குள் புகுந்த வைரஸைக் கொல்லும் மருந்து எந்தக் கடையிலும் இல்லை. காசு கொடுத்து வாங்கத் தகுந்தது மூன்றாவதுதான், அதுவும் மருந்தாக அல்ல. கிருமிநீக்கியாக ஐந்துக்கு நாலரை கொடுக்கலாம். மீன் மருந்தாகப் பூச்சியம்.

இந்தத் தூளின் வேலைக்காரன் பொட்டாசியம் பெராக்சிமோனோசல்பேட். கோழிப்பண்ணை வைத்திருப்பவர்களுக்கு வேர்கோன் எஸ் என்றால் உடனே விளங்கும், அதே இனம்தான். 10 கிராம் தூளை 1 லீற்றர் தண்ணீரில் கரைத்தால் 1 வீதக் கரைசல். 10 லீற்றர் வாளிக்கு 100 கிராம் போகும். கரண்டிக் கணக்கு வேண்டாம், சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். முதலில் தண்ணீர், பிறகு தூள். கொட்டும்போது கிளம்பும் புழுதி மூக்கையும் கண்ணையும் அரிக்கும், ஆகவே முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். கைவலை, வாளி, சப்பாத்து, சைபன் குழாய் எல்லாம் 10 நிமிடம் முழுதாக நனைந்திருக்க வேண்டும். பிறகு நல்ல தண்ணீரில் அலசி எடுக்க வேண்டும். அலசாமல் விட்டால் நாகப் (துத்தநாகம்) பூச்சுள்ள வளையங்கள் அரித்துப் போகும்.

பெரும்பாலானோர் கோட்டை விடுவது நனைப்பதற்கு முந்திய வேலையில். பாசியும் சேறும் சளியும் ஒட்டிய வலையை அப்படியே முக்கினால் மருந்தின் வலு அழுக்கோடு மோதியே தீர்ந்துவிடும், வைரஸுக்கு ஒன்றும் மிஞ்சாது. முதலில் தேய்த்துக் கழுவுங்கள். ரோஸ் நிறம் இதற்கு நல்ல காவல்: நிறம் வெளுத்தால் கரைசல் செத்துவிட்டது என்று அர்த்தம். வெளுக்காவிட்டாலும் ஒரு கிழமைக்கு மேல் வைக்க வேண்டாம். குளத்தடியில் கால் நனைக்க வைத்திருக்கும் தட்டில் சேறு கலங்கினால் அன்றைக்கே மாற்ற வேண்டும். குளோரின் பவுடரோடு மட்டும் கலந்துவிடாதீர்கள், நச்சு வாயு வரும்.

மலையகத்தில் இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், காரணம் நம் தண்ணீரின் குளிர். கொய் என்ற வண்ணக் கெண்டையைத் தாக்கும் கொய் ஹெர்பிஸ் வைரஸ் நோய் ஆட்டம் காட்டுவது 16 முதல் 25 பாகை செல்சியஸ் வரையான தண்ணீரில். ஹற்றன், நுவரெலியா, பண்டாரவளைக் குளங்கள் வருடத்தின் பெரும்பகுதி இந்த அளவுக்குள்தான் கிடக்கின்றன. 30 பாகைக்கு மேலே போனால் சாவு குறையும். கீழ்நாட்டில் அது தானாக நடக்கலாம், இங்கே ஹீட்டர் வைத்தாலும் திறந்த குளத்தில் நடக்காது. அப்படிப் பிழைத்த மீனும் வைரஸைச் சுமந்துகொண்டே திரியும். மார்கழி, தைக் குளிரில் 16க்குக் கீழே இறங்கும் குளத்தில் நோய் வெளியே தெரியாது. "எல்லாம் சுகம்" என்று நினைத்திருக்க, சித்திரையில் தண்ணீர் சூடேறும்போது கிளம்பலாம்.

அறிகுறி தெரிந்தபின் ஓரிரு நாளில் சாவு தொடங்கிவிடும், 80 வீதத்துக்கும் மேல் போய்விடலாம். செவுளில் சிவப்பும் வெள்ளையுமாகத் திட்டு, உள்வாங்கிய கண், தோலில் சில இடம் சளி, சில இடம் உப்புத்தாள் போலச் சொரசொரப்பு. இன்னொரு அடையாளம்: கொய்யும் சாதாரண கெண்டையும் மட்டும் சாகும், அதே குளத்துத் திலாப்பியாவும் தங்கமீனும் நீந்திக்கொண்டிருக்கும். விடியற்காலையில் எல்லா இனமும் சேர்ந்து மேலே வந்து வாயைத் திறந்தால் அது வைரஸ் அல்ல, ஒட்சிசன் குறைவு. அதற்குத் தூள் வாங்காமல் காற்று மோட்டரைப் பாருங்கள். குளிரில் தோலில் மெழுகு சொட்டியது போல வெள்ளைக் கட்டி வந்தால் அது பெரும்பாலும் கெண்டை அம்மை. அதுவும் ஒரு ஹெர்பிஸ் வைரஸ்தான், ஆனால் வளர்ந்த மீனைக் கொல்வது அரிது. சூடு ஏறக் கட்டி தானாக உதிரும்.

திலாப்பியாவுக்கு வேறொரு வைரஸ் இருக்கிறது, 2014இல் இஸ்ரேலில் விபரிக்கப்பட்ட திலாப்பியா ஏரி வைரஸ். கொத்மலையில் வீசிய வலையைக் காய வைக்காமல் வீட்டுத் தொட்டியில் போடுகிறவர்கள் கவனிக்க. கொய் ஹெர்பிஸ், திலாப்பியா ஏரி வைரஸ் இரண்டுக்கும் கொழுப்பு உறை உண்டு, ஆகவே இந்தக் கரைசலுக்குச் சீக்கிரம் மடியும். ட்ரவுட்டைத் தாக்கும் கணைய அழுகல் வைரஸுக்கு உறை இல்லை, முரட்டுச் சாதி. ட்ரவுட் வளர்ப்பவர்கள் 10 நிமிடத்தில் ஒரு நிமிடத்தையும் குறைக்கக் கூடாது.

விலை கட்டுப்படியாகாவிட்டால் மாற்று உண்டு. லீற்றருக்கு 200 மில்லிகிராம் குளோரின், 20 நிமிடம்: கொய் ஹெர்பிஸுக்கு அது போதும். 5 வீத ப்ளீச் என்றால் லீற்றருக்கு 4 மில்லிலீற்றர். மலிவு, ஆனால் வலை நைலோனைத் தின்னும், மணம் போகாது, மிச்சம் ஒரு துளி தொட்டியில் விழுந்தாலும் செவுள் கருகும். அன்றாடப் பாவனைக்கு ரோஸ் தூள்தான் நல்லது.

குறைகள் இரண்டு. முதலாவது, சில கடைகள் பெரிய டப்பாவைப் பிரித்துச் சின்னப் பொலித்தீன் பையில் கட்டி விற்பது. காலாவதித் திகதியும் இல்லை, கலவை விபரமும் இல்லை. நம் ஈரக் காற்றில் அந்தப் பை சில நாளில் கட்டி தட்டும், கட்டி தட்டியது வேலை செய்யாது. மூடி இறுக்கமான அசல் டப்பாவாக வாங்குங்கள். இரண்டாவது, "ஒரு சிட்டிகை குளத்தில் போடுங்க" என்ற கவுண்டர் ஆலோசனை. 1 வீத அளவு சாமான்களுக்கு, மீனுள்ள தண்ணீருக்கு அல்ல. பாவித்த கரைசலை ஓடையிலோ பீலிப் பக்கமோ ஊற்ற வேண்டாம், கீழ் லயத்தில் அதைத்தான் குடிக்கிறார்கள்.

தூளால் ஆகாத வேலை தனித்தொட்டி. புதுக் கொய்யைக் குறைந்தது 30 நாள், ஹீட்டரால் 24 பாகையில் தனியாக வைத்தால்தான் மறைந்திருக்கும் நோய் வெளியே வரும். அதற்குத் தனி வலை, தனி வாளி. அப்படியும் மீன் சாகத் தொடங்கினால் பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவ பீடத்தின் நீர்வாழ் உயிரின நோய்ப் பிரிவைத் தொலைபேசியில் கேட்டுவிட்டு, உயிர் ஊசலாடும் மீனையே கொண்டு போங்கள். அழுகிய மீனில் பரிசோதிக்க ஒன்றும் மிஞ்சாது. உயிரோடு கொண்டுபோக முடியாவிட்டால் செவுளிலும் சிறுநீரகத்திலும் சிறு துண்டெடுத்து, 80 வீதத்துக்குக் குறையாத எதனோலில் போட்டால் பீசீஆர் பரிசோதனைக்கு ஆகும்.